மாடமும் கோட்டமும்

சென்னை மாநகரின் வடபால், வங்கக் கடலின் அலையோசை கேட்கும் அணிமையில் விளங்குவது திருவொற்றியூர் அருள்மிகு தியாகராஜசுவாமி திருக்கோயில். திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர், சுந்தரர் ஆகிய மூவராலும் பாடல் பெற்ற தலம் இது. மூலவர் ஆதிபுரீசுவரர், புற்று வடிவினராக எழுந்தருளியிருக்கும் அப்பெருமானைப் படம்பக்கநாதர் என்றும் போற்றுவர். அம்மையின் திருநாமம் வடிவுடையம்மன். இத்திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள் மூலவரை வழிபட்டபின் கருவறையை வலம் வருகின்றனர். அவ்வாறு வருங்கால், புறச்சுவரில் ஆங்காங்கே உள்ளடங்கிக் குழிந்திருக்கும் சிற்றிடங்களின் முன் சற்றே நின்று, கைகூப்பி, மேலே நடப்பது வழக்கம். அக்குழிவுகளுக்குத் தேவகோட்டம் என்று பெயர். பேச்சு வழக்கில் கோஷ்டம் என்பர்.

வழிபாடு முடிந்து இல்லம் திரும்பும் அதே அன்பர், அந்தி வேளையில் வாயிற்கதவின் பக்கச் சுவரில் உள்ள ஒரு சிறு குழிவில் அகல் விளக்கை ஏற்றி வைக்கிறார். அதற்கு மாடம் என்று பெயர்; மாடக்குழி, விளக்கு மாடம், பிறை என்றும் ஊருக்கு ஊர் வேறு பெயர்கள் வழங்கும். கோயிற் சுவரின் கோட்டமும் வீட்டுச் சுவரின் மாடமும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை. சுவர் என்பது தடுப்பது. அத்தடுப்பிலேயே ஓர் இடம் குடைந்து, அதில் தெய்வத்தையோ தீபத்தையோ அமர்த்தும் வழக்கம் நம் முன்னோர்களிடம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. மசூதிகளில் தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராப் ஒரு சுவர்க்குழிவே. கிறித்தவத் தேவாலயங்களிலும் புனிதர்களின் உருவங்கள் அத்தகைய குழிவுகளில் நிற்கக் காணலாம்.

சொல்லின் பெருமை

மாடம் என்ற சொல் வியப்பளிப்பது. அடுக்குகளாக உயர்ந்த பெருமனைக்கும் மாடம் என்றே பெயர். ஒரு சாண் அளவுள்ள சுவர்க்குழிக்கும் மாடம் என்றே பெயர். முற்றத்தில் துளசி வளர்க்கும் மேடை துளசி மாடம். புறாக்கள் தங்கக் கட்டிய பொந்து புறா மாடம். கோபுரங்களின் சுதை வேலைகளுக்கிடையே கூடு கட்டி வாழும் சாம்பல் நிறப் புறாவை மாடப்புறா என்று அழைப்பதும் இதனால்தான். கோட்டம் என்ற சொல்லும் இவ்வாறே பெரிதையும் சிறிதையும் ஒருங்கே சுட்டுவது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துக் கோயில்கள் பல கோட்டம் என்றே குறிக்கப்பெறுகின்றன. முழுக்கோயிலைக் குறிக்கும் அதே பெயர், அக்கோயிலின் சுவரில் உள்ள குழிவுக்கும் வழங்குகிறது.

இது தற்செயலன்று என்பதைக் கோட்டத்தை உற்று நோக்குவோர் உணர்வர். இருபுறமும் இரண்டு அரைத்தூண்கள். அவற்றின் மேல் போதிகை. தலைக்கு மேல் மகரங்களின் வாயிலிருந்து வளைந்தெழும் தோரணம். கீழே சிறு பீடம். ஒரு சன்னதிக்கு உரிய உறுப்புகள் பலவும் அங்குக் குறுகிய அளவில் உள்ளன. ஆகவே கோட்டத்தில் உள்ள திருமேனியைச் சுவரை அலங்கரிக்கும் சிற்பமாகக் கொள்ளலாகாது. அது தன் கோயிலுக்குள் எழுந்தருளியிருக்கும் தெய்வமாகும்.

வீட்டு மாடங்கள்

இராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆகிய பகுதிகளின் பழைய தெருக்களில், எஞ்சி நிற்கும் ஓட்டு வீடுகளிலும் மெட்ராஸ் தட்டோட்டி வீடுகளிலும் இம்மாடங்களை இன்றும் காணலாம். தலைவாயிலின் இருமருங்கும் இரண்டு; திண்ணைச் சுவரில் ஒன்று; கூடத்தில் சுவாமி படங்களுக்கென ஒன்று; மாடிப்படித் திருப்பத்தில் ஒன்று; கிணற்றடியில் ஒன்று. சமையற்கட்டில் இருக்கும் மாடத்தில் உப்பும் புளியும் இருக்கும். தெய்வத்துக்கு ஓரிடம், உப்புக்கு ஓரிடம் என்று சுவரிலேயே ஒதுக்கிக்கொண்டனர் அக்கால இல்லத்தார்.

அவை அமைக்கப்பெற்ற முறையும் அறியத்தக்கது. அக்காலச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு ஒன்றரை அடியோ அதற்கு மேலோ தடிமனாக எழுப்பப்பட்டவை. பழவேற்காடு ஏரிப் பகுதியில் கிடைக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பு சுடுவதற்குப் பெயர் பெற்றது. தடித்த சுவரில் முக்கால் அடி ஆழத்துக்குக் குடைந்தாலும் பின்புறம் போதிய சுவர் எஞ்சும். குழிவின் மேற்புறம் தட்டையாக இருந்தால் மேலுள்ள சுவரின் பாரம் அதன்மேல் இறங்கி விரிசல் காணும். ஆதலின் மேற்புறத்தை அரைவட்டமாகவோ கூம்பிய வளைவாகவோ கட்டினர். வளைவு பாரத்தை இருபுறமும் பகிர்ந்து கீழே இறக்கிவிடும். கைகூப்பியது போன்ற அவ்வடிவம் அழகுக்காக மட்டும் வந்ததன்று.

கடலோர ஊர்களில் மாடம் இன்றியமையாதது. பிற்பகலில் கடலிலிருந்து எழும் காற்று அந்தியிலும் ஓயாது வீசும். திறந்த வாசற்படியில் வைத்த அகல் சில நொடிகளில் அணைந்துவிடும். மாடத்திலோ மூன்று புறமும் மேலும் கீழும் சுவர். முன்புறம் ஒன்றே திறப்பு. சுடர் அசையாது நிற்கும். உட்புறம் பூசிய வெள்ளைச் சுண்ணாம்பு சுடரின் ஒளியை வாங்கி முன்னோக்கித் திருப்பி அனுப்பும். ஒரு திரியின் வெளிச்சம் தெருவில் நடப்பவருக்கும் வழி காட்டும். கரைக்குத் திரும்பும் மீனவக் குடும்பங்களுக்கும், இரவில் ஆலைப் பணி முடித்து வருவோருக்கும் அவ்வொளி இல்லம் இருக்கும் திசையைச் சொல்லியது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை மின்சாரம் ஈந்தது. அம்மின்சாரம் வந்த பின்னரும் அதன் அண்டை ஊர்களில் மாடத்து அகல் அணைந்துவிடவில்லை.

துளசி மாடத்தின் முகப்பிலும் அகல் வைப்பதற்கென ஒரு சிறு குழிவு இருக்கும். மேலே செடி, கீழே சுடர். மாலையில் மகளிர் அதனை வலம் வந்து வணங்குவர். கருவறையை வலம் வருவதன் சிற்றுருவே இது எனலாம்.

இன்றைய நிலை வேறு. அடுக்கு மாடிக் குடியிருப்புகளின் உட்சுவர்கள் நான்கரை அங்குலமே தடிமன் உடையவை. வெளிச்சுவர் ஒன்பது அங்குலம். அவற்றில் மாடம் குடைய இடமில்லை. மரத்தட்டு ஒன்றைச் சுவரில் பொருத்தி அதில் விளக்கேற்றுகின்றனர். அதில் குறை ஏதுமில்லை. எனினும் காற்று வீசும்போது கையால் மறைத்து நிற்க வேண்டியிருக்கிறது. வடசென்னைக் கரையோரத்தில் மற்றோர் இழப்பும் நேர்ந்துள்ளது. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பப்பட்ட பின், மணல் தென்புறம் சேர்ந்து மெரினா விரிந்தது. வடபுறக் கரையோ அரிக்கப்பட்டு வந்தது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் உள்வாங்கிக்கொண்ட தெருக்களோடு எத்தனையோ வீடுகளின் மாடங்களும் போயின. இன்று அங்குக் கருங்கற்பாறைகள் கரையைக் காத்து நிற்கின்றன.

சக்கரப்பாடித் தெருவின் தொண்டர்

விளக்கையும் திருவொற்றியூரையும் சேர்த்து எண்ணும்போது கலிய நாயனாரை நினையாதிருத்தல் இயலாது. அறுபத்து மூவருள் ஒருவராகிய இவர் இவ்வூரின் சக்கரப்பாடித் தெருவில், எண்ணெய் வாணிகம் செய்யும் வாணியர் குலத்தில் தோன்றியவர். பெருஞ்செல்வர். படம்பக்கநாதர் திருக்கோயிலின் உள்ளும் புறமும் இரவு பகல் பாராது திருவிளக்கு ஏற்றுவதையே தம் பிறவிப் பயனாகக் கொண்டவர்.

இவர் தொண்டின் உறுதியை உலகறியச் செய்யத் திருவுளங்கொண்ட இறைவன் இவரது செல்வத்தை மெல்ல மெல்ல மறையச் செய்தான் என்று பெரியபுராணம் உரைக்கிறது. பொருள் தீர்ந்தபோது உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்று, அதில் கிடைத்த ஊதியத்தால் விளக்கெரித்தார். நாளடைவில் அவர்கள் எண்ணெய் தர மறுத்தனர். பிறர் செக்கில் கூலியாளாக நின்று உழைத்தார். ஊருக்கே எண்ணெய் அளந்தவர், பிறர் எண்ணெய்க்குக் கூலி பெற்று, அக்கூலியையும் விளக்குக்கே ஈந்தார். கூலிக்கு வருவோர் பெருகியதால் அவ்வேலையும் கிட்டாது போயிற்று. வீட்டையும் பண்டங்களையும் விற்றார். இறுதியில் மனைவியாரையே விற்க முற்பட்டார். வாங்குவார் ஒருவரும் ஊரில் இல்லை. இச்செயல் இன்று கேட்போர் நெஞ்சை உறுத்துவது. சேக்கிழார் பெருமான் அதனை மறையாது கூறியிருக்கிறார்.

விளக்கேற்றும் வேளை வந்தது. நாயனார் திருக்கோயிலுக்குள் சென்று அகல்களை வரிசையாக வைத்தார், திரிகளை இட்டார். எண்ணெய் மட்டும் இல்லை. எண்ணெய்க்கு ஈடாகத் தம் உதிரத்தையே நிறைப்பேன் என்று கருவி கொண்டு கழுத்தை அரியத் தொடங்கினார். அக்கணமே இறைவனின் திருக்கரம் அவர் கையைப் பற்றித் தடுத்தது. ஆடி மாதக் கேட்டை நாளில் அவரது குருபூசை நடைபெறுவது வழக்கம்.

கலியனார் தனியொருவராகச் செய்த தொண்டை மன்னரும் மக்களும் அறக்கட்டளைகளால் செய்தனர். அணையாது எரியும் நந்தா விளக்குக்கென ஆடுகளைக் கொடையளித்த செய்திகள் தமிழகத்துக் கல்வெட்டுகளில் நிறைய உள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது கணக்கு. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு இறந்தாலும் மூத்தாலும் குட்டிகள் அவ்விடத்தை நிரப்புமாதலால் எண்ணிக்கை குறையாது. இதனால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். ஒரு சுடர் அணையாதிருக்க ஒரு மந்தை வேண்டியிருந்தது.

தூங்கானை மாடத்தின் கோட்டங்கள்

திருவொற்றியூர் மூலவரின் விமானம் சதுரமானதன்று. முன்புறம் நேராகவும் பின்புறம் அரைவட்டமாகவும் வளைந்திருக்கும். படுத்துறங்கும் யானையின் பின்புறத்தை ஒத்திருப்பதால் இவ்வமைப்பைத் தூங்கானை மாடம் என்றும், வடமொழியில் கஜபிருஷ்டம் என்றும் கூறுவர். மாடம் என்ற சொல் இங்கும் வந்து நிற்பதைக் காண்க. மாமல்லபுரத்தில் நகுல சகாதேவ இரதம் இவ்வடிவினது. அதன் அருகிலேயே கல்லில் ஒரு யானையையும் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள் பல்லவச் சிற்பிகள். பார்ப்பவர் ஒப்பிட்டுக்கொள்ளட்டும் என்று கருதினர் போலும். தொண்டை மண்டலத்தில் திருத்தணி வீரட்டானேசுவரர் கோயில், பாடி திருவலிதாயம் முதலியனவும் இவ்வகையைச் சார்ந்தவை.

திருவொற்றியூர் விமானம் முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எடுக்கப்பெற்றது. இங்கிருந்த மடத்தின் தலைவர் சதுரானன பண்டிதர் வேண்ட, இரவி என்னும் வீரசோழத் தச்சன் இதனைச் சமைத்தான் என்பது கல்வெட்டால் அறியப்படுகிறது. சதுரானன பண்டிதர் என்பது அம்மடத் தலைவர்கள் வழிவழியாகத் தாங்கிய பெயர். அப்பெயர் பூண்ட முந்தைய தலைவர் ஒருவரின் வரலாறு உருக்கமானது. கேரள நாட்டவராகிய அவர் சோழ இளவரசன் இராஜாதித்தனின் படையில் இருந்தவர். 949இல் தக்கோலப் போரில் இளவரசன் யானைமேல் மாண்டபோது உடனிருந்து உயிர்விடவில்லையே என்று நாணித் துறவு பூண்டு, திருவொற்றியூரை அடைந்தார். போரில் வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சிக்காலக் கல்வெட்டே அவர் கதையைச் சொல்கிறது.

சதுர விமானத்தில் கோட்டங்களை அமைப்பது எளிது. தெற்கு, மேற்கு, வடக்கு ஆகிய மூன்று சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைத்தால் போதும். தூங்கானை மாடத்திலோ மேற்குச் சுவர் என்று தனியே ஒன்றில்லை. தெற்குச் சுவரே வளைந்து சென்று வடக்குச் சுவராகிவிடும். வளையும் சுவரில் நேரான அரைத்தூண்களையும் கோட்டங்களையும் இடைவெளி பிசகாது நிறுத்துவதற்குத் தச்சனின் கணக்கு நுட்பமாக இருத்தல் வேண்டும். வலம் வருவோருக்கும் இதனால் ஒரு வேறுபாடு தோன்றும். சதுரக் கோயிலில் மூலை திரும்பியவுடன் அடுத்த தெய்வம் கண்ணில் படும். இங்கு மூலையே இல்லை. நடை நிற்காமல் வளைந்துகொண்டே செல்லும்.

சிவாலயங்களில் பொதுவாகக் கோட்டங்களின் முறை இவ்வாறு அமையும். முன் மண்டபத்தின் தென்சுவரில் விநாயகர், கருவறையின் தெற்கே ஆலமரத்தடியில் அமர்ந்த தட்சிணாமூர்த்தி, மேற்கே இலிங்கோத்பவர் அல்லது திருமால், வடக்கே பிரமன், முன் மண்டபத்தின் வடசுவரில் துர்க்கை. அடியும் முடியும் தேடிய திருமாலும் பிரமனும் அந்தப் பெருமானின் கருவறைச் சுவரிலேயே இடம் பெற்றிருப்பது சிந்திக்கத்தக்கது. பிரமனின் கோட்டத்தைப் பெரும்பாலோர் ஒரு கும்பிடோடு கடந்துவிடுகின்றனர்.

தட்சிணாமூர்த்தியின் கோட்டத்தில் வியாழக்கிழமைகளில் கூட்டம் மிகுதி. இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நலம். நவக்கிரகங்களுள் ஒருவராகிய குரு பகவான் வேறு. சனகாதி முனிவர்களுக்கு மௌனத்தால் ஞானம் உரைத்த தட்சிணாமூர்த்தி வேறு. முன்னவர் கிரகம், பின்னவர் சிவபெருமானே. மஞ்சள் ஆடையும் கொண்டைக்கடலை மாலையும் கிரக குருவுக்கு உரியவை. இருவருக்கும் குரு என்ற பெயர் பொதுவாக இருப்பதால் நேர்ந்த மயக்கம் இது. தட்சிணாமூர்த்திக்கு வேண்டுவது அவர்முன் சிறிது நேரம் பேசாதிருத்தல். திருவொற்றியூரிலேயே அவருக்குத் தனிக்கோயில் ஒன்றும் உண்டு. எங்கும் தெற்கு நோக்கும் பெருமான் அங்கு வடக்கு நோக்கி அமர்ந்திருப்பதால் அதனை வடகுருதலம் என்பர்.

கோட்டம் விளக்கு மாடமன்று

வீட்டு மாடத்தில் விளக்கேற்றிப் பழகிய கை, கோயிற் கோட்டத்திலும் அகல் வைக்க முற்படுவது இயல்பு. ஆயின் கோட்டம் தெய்வத்தின் இருப்பிடம். விளக்கு வைக்கும் இடமன்று. பல திருக்கோயில்களில் மதிற்சுவரிலும் கோபுர வாயிலிலும் அகலுக்கென்றே சிறு மாடங்கள் அமைந்துள்ளன. தற்காலத்தில் நெய் விளக்கேற்றுவதற்குத் தனி மேடைகளும் உள்ளன. கோட்டத்தின் அடியில் வைத்த சுடர் கருங்கல்லை மீண்டும் மீண்டும் சூடாக்கும். சூடேறி ஆறும் கல் நாளடைவில் செதில் செதிலாக உதிரும். வழியும் எண்ணெய் கல்லில் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஆலைகளும் சரக்கு வாகனங்களும் நிறைந்த இப்பகுதியில் காற்றில் புகையும் தூசியும் உப்பும் கலந்திருப்பதால், படிந்த எண்ணெய் விரைவில் கரிய பிசினாக இறுகிவிடுகிறது. திருமேனியின் மீது வீசப்படும் வெண்ணெய் உருண்டையும், தூணில் துடைக்கப்படும் எஞ்சிய குங்குமமும் அவ்வாறே. தேர்வு எண்ணைக் கரியால் சுவரில் எழுதிச் செல்லும் மாணவர்களையும் காண்கிறோம். அவர்களின் கவலை உண்மையானதே. ஆயினும் அதனைத் தெய்வத்திடம் நெஞ்சால் சொன்னாலும் சென்று சேரும்.

கெடுவது அழகு மட்டுமன்று. கோட்டங்களுக்குக் கீழே அதிட்டானத்தின் பட்டிகைகளிலும், கோட்டங்களுக்கு இடைப்பட்ட சுவர்ப்பரப்பிலும் எழுத்துகள் வெட்டப்பெறுவது வழக்கம். எவர் எந்த விளக்குக்கு எத்தனை ஆடு தந்தார், எந்த நிலத்தின் விளைச்சல் எந்தப் பூசைக்கு உரியது என்பன போன்ற கோயிலின் உரிமைச் சான்றுகள் அவற்றில் உள்ளன. எண்ணெய்ப் பிசினில் ஓர் எழுத்து மறைந்தால் ஒரு கொடையாளியின் பெயர் மறைகிறது. அதனைத் துப்புரவு செய்ய மணலைப் பீச்சி அடித்தால் பிசினோடு எழுத்தும் தேய்கிறது. ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன் உளி பிடித்த இரவி என்னும் தச்சனின் பெயரை இன்று கூற முடிவது, கல்லில் அவ்வெழுத்துகள் படிக்கும் நிலையில் எஞ்சியிருந்தமையால்தான்.

கார்த்திகை முழுமதி நாளில் வடசென்னையின் பழைய வீடுகளில் எல்லா மாடங்களிலும் அகல் எரியும். ஆண்டு முழுதும் வெறுமையாகக் கிடக்கும் கிணற்றடி மாடத்துக்கும் அன்று ஒரு விளக்கு உண்டு. திருவொற்றியூர்த் திருக்கோயிலில் புற்று வடிவான மூலவர் மற்ற நாள்களில் கவசம் சாத்தப்பெற்றே காட்சி தருவார். கார்த்திகை முழுமதியை ஒட்டிய மூன்று நாள்கள் மட்டும் அக்கவசம் களையப்பெற்று, புனுகு, சாம்பிராணித் தைலம் ஆகியவற்றால் திருமுழுக்காட்டு நடைபெறும். நெடுநேரம் வரிசையில் நின்று அக்காட்சியைக் கண்டவர்கள், வலம் வந்து கோட்டங்களை வணங்கி, கலிய நாயனாரையும் தொழுது, தத்தம் வீட்டு விளக்கு அணையுமுன் திரும்புவர்.